ஸ்கொட்லாந்துக் குத்துவாளில் ஒரு சத்தியம்

சென்ற மாதம் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில் ஒரு கண்காட்சிக்குப் போனேன். இந்த நகரத்துப் பழைய குடும்பங்கள் கொடுத்த வீட்டுப் பொருட்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கியிருந்தார்கள். மூன்றாவது அறையில் எனக்கு நன்கு பழக்கமான ஒரு குத்துவாள் இருந்தது. ஐந்து வருடம், கிழமைக்கு ஒரு தரம் நான் துடைத்த குத்துவாள். பக்கத்தில் இருந்த அட்டையில், "ஸ்கொட்லாந்து மலைநாட்டவரின் குத்துவாள். முனை போரில் முறிந்ததாகக் கருதப்படுகிறது" என்று எழுதியிருந்தது.

எனக்கு முன்னால் நின்ற பெண் தன் கணவனிடம், "பாவம், யாருடைய வயிற்றில் முறிந்ததோ" என்றாள்.

வாழைமரத்தின் வயிற்றில் முறிந்தது. இந்த நகரத்தின் பிரான்காச்சோப் பகுதியில் ஒரு கராஜுக்குள், ஒரு விஜயதசமி நாளில். அதை அங்கே கொண்டுபோனவன் நான்.

காவலரிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். எண்பது வயதுக்காரன் ஒருவன் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி அசுரனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அவர் யாரைக் கூப்பிடுவார் என்று யோசித்துவிட்டு வெளியே வந்தேன். இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மலருக்கு, வீட்டுவேலை செய்து ஓய்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார்கள். "ஐயா, கவலையா எழுதிப்போடாதேங்கோ, எல்லாரும் கவலையாத்தான் எழுதித் தருகினம்" என்றும் சொல்லியிருந்தார்கள். முடிந்தவரை கவனமாக இருப்பேன். ஆனால் நான் செய்த பிழையை விட்டுவிட்டு என் வேலையைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், இலிகிதராக இருந்தவன். கோப்புகளைத் திறப்பதும் மூடுவதும், எந்தக் கடிதத்துக்கு எந்தச் சொல்லில் பதில் எழுதினால் நாளைக்கு யாரும் கேள்வி கேட்கமுடியாது என்பதும் எனக்கு அங்கே பழகியது. நாற்பத்தேழு வயதில், கலியாணம் கட்டாதவனாக, பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் படிக்கட்டுக் கழுவினேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. படிகள் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரித்தான்.

பிறகு பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஓர் ஓய்வுபெற்ற சட்டத்தரணிக்கு, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த வேலைக்காரன் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். சட்டத்தரணியை இத்தாலியர் 'அவ்வொக்காத்தோ' என்பார்கள். நாங்கள் ஊரில் 'அப்புக்காத்து' என்போம். முதல் நாள் நாக்குத் தடுக்கி நான் "அப்புக்காத்து" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "உன் உச்சரிப்பு மோசமில்லை" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் அப்புக்காத்தர்தான். சமையலறை அவருக்குக் 'குச்சீனா', எங்களுக்குக் குசினி. சப்பாத்துக்கும் அலுமாரிக்கும்கூட அப்படித்தான், ஏறக்குறைய சொன்னாலே விளங்கிவிடும். நான் இத்தாலியன் படித்தது பாதி இப்படித்தான்.

அந்தக் குசினியில் றெஜினா இருந்தாள். மன்னார்ப் பக்கத்துப் பெண், கத்தோலிக்கம். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். ஒரு மகனையும் மகளையும் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வரும்போது மகளுக்கு இரண்டு வயது. என்னை அவள் "கிளாக்கர்" என்று கூப்பிடுவாள். அவளுடைய மீன்குழம்பையும் உப்பில்லாத மரக்கறிச் சூப்பையும் அப்புக்காத்தர் ஒரே மரியாதையோடு சாப்பிடுவார்.

அப்புக்காத்தருடைய தாயின் தகப்பன் ஸ்கொட்லாந்துக்காரர். வைன் வியாபாரத்துக்காகச் சிசிலியின் மேற்குக் கரைக்கு வந்து, ஒரு சிசிலிப் பெண்ணைக் கட்டி, இங்கேயே இறந்தவர். அவர் விட்டுப்போனவை அந்த நாட்டு ஆண்கள் கட்டும் ஒரு கட்டம்போட்ட பாவாடை, ஒரு பெட்டி நிறைய ஆங்கிலக் கடிதங்கள், இரண்டு கத்திகள். கடிதங்களையும், கத்திகளைப் பற்றி அப்புக்காத்தர் வரவழைத்த ஆங்கிலப் புத்தகங்களையும் பின்னேரங்களில் நான் வாசித்துச் சொல்லவேண்டும். கத்திகளைப் பராமரிப்பதும் என் பொறுப்பு.

சின்னக் கத்தியின் அலகு என் நடுவிரலைவிடச் சற்று நீளம். பிடி கறுப்பு. அவர்களுடைய பழைய மொழியில் அதற்குப் பெயரே 'கறுப்புக் கத்தி' என்பதுதான். அந்தக் 'கறுப்பு' என்ற சொல் பிடியின் நிறத்தைக் குறிக்கும் என்று ஒரு புத்தகம் சொன்னது, 'ஒளித்துவைத்த' என்ற கருத்து என்று இன்னொன்று சொன்னது. முற்காலத்தில் கக்கத்துக்குள் மறைத்து வைத்திருப்பார்களாம். நண்பன் வீட்டுக்குப் போனால் அதை வெளியே எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி காலுறையின் மேல்விளிம்பில் சொருகுவார்களாம். என்னிடம் இருப்பது இவ்வளவுதான், பார்த்துக்கொள் என்று அர்த்தம். காலுறையை நாங்கள் மேஸ் என்பதால் றெஜினா அதற்கு 'மேசுக்கத்தி' என்று பெயர் வைத்தாள்.

பெரியதுதான் குத்துவாள். அலகு ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் தடித்த முதுகு, முனை ஊசி. முறிந்துபோன ஒரு நெடுவாளை வெட்டித் தீட்டிச் செய்த அலகு என்று அப்புக்காத்தர் நம்பினார். மலைநாட்டார் நல்ல இரும்பை வீசமாட்டார்களாம். பிடி கரிய மரம், அதில் நாடா பின்னியதுபோலச் செதுக்கல். தோலுறையின் வெளிப்பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னப் பைகள், ஒன்றில் ஒரு குட்டிக் கத்தி, மற்றதில் ஒரு முள்ளுக்கரண்டி. "கொலையும் செய்து சோறும் தின்னலாம்" என்றாள் றெஜினா. மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்புக்காத்தர், "அதே ஒழுங்கில்" என்றார்.

துடைக்கும் முறை மாறாதது. திங்கட்கிழமை காலை. பருத்திக் கையுறை. உறையைக் கிடையாகப் பிடித்து, முதுகுப் பக்கம் உரசும்படி அலகை இழுக்கவேண்டும், கூர்ப்பக்கம் தோலில் படக்கூடாது. வாயைத் திறந்து மூச்சுவிடக்கூடாது. உலர்ந்த துணியால் பிடியிலிருந்து முனைக்கு, திரும்ப வராமல் ஒரே திசையில். பிறகு விரல்நுனி அளவு எண்ணெய். அலகில் இருந்த சாம்பல்நிறத்தை ஒருபோதும் தேய்க்கக்கூடாது. "அது அழுக்கு இல்லை, வயசு" என்பார் அப்புக்காத்தர். வேலை முடிந்ததும் அலுமாரியைப் பூட்டி, திறப்பை, அதாவது சாவியை, குசினிச் சுவரில் கொளுவிவிடவேண்டும்.

ஒரு விதி எல்லாவற்றுக்கும் மேல். மேசுக்கத்தி வெளியே போகலாம். குத்துவாள் வீட்டை விட்டுப் போகக்கூடாது.

அப்புக்காத்தர் குரல் உயர்த்திக் கதைத்ததை நான் கேட்டதில்லை. இத்தாலிய மொழியிலும் நீ, நீங்கள் உண்டு. என்னோடு அவர் 'நீ' என்றுதான் கதைப்பார், அதில் ஒரு அன்பு இருக்கும். கோபம் வந்தால் 'நீங்கள்' வரும். சூப்பில் உப்புக் கூடிய ஒரு நாள் றெஜினாவைப் பார்த்து, "சிக்னோரா, தயவுசெய்து நீங்கள்" என்று தொடங்கினார். அவள் குசினிக்கு ஓடிவந்து, "கிளாக்கர், மனுசன் எனக்கு மரியாதை தருது, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள்.

ஒவ்வொரு நவம்பர் கடைசி நாளும் ஸ்கொட்லாந்தின் காவல் புனிதரான அந்திரேயாவின் திருநாள். அன்றைக்கு அப்புக்காத்தர் பாவாடை கட்டுவார். கட்டிவிடுவது நான். முதலில் மேஸ், முழங்காலுக்குக் கீழே நாலு விரல் விட்டு மடிக்கவேண்டும். பிறகு பாவாடை, மடிப்பு எல்லாம் பின்பக்கம், முன்பக்கம் தட்டையாக இருக்கவேண்டும். நான் முதல் வருடம் எங்கள் சேலைக் கொய்யகத்தை நினைத்து மடிப்பை முன்னால் வைத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தவர், "இப்போது நான் உங்கள் ஊர் மணப்பெண்ணா?" என்று கேட்டார். சப்பாத்துக்குப் பிறகு இடைவார், வாரின் வலப்பக்கம் குத்துவாள். கடைசியாக வலக்கால் மேசில் சின்னக் கத்தி, பிடி மட்டும் தெரியும்படி. அவர் கையை நீட்டுவார், நான் கொடுப்பேன், அவரே சொருகுவார். அதை மட்டும் இன்னொருவர் செய்யக்கூடாதாம்.

ஒரு வருடம் விருந்து இரண்டு தெரு தள்ளி அவருடைய நண்பர் வீட்டில். குத்துவாளை விட்டுவிட்டு மேசுக்கத்தியோடு மட்டும் நடந்தோம். மாபியாக்காரர் நீதவான்களைக் குண்டுவைத்துக் கொன்ற பிறகு பலெர்மோவின் முக்கியமான தெருக்களில் ஆமி நின்ற காலம் அது. மூலையில் நின்ற ஆமிக்காரனுக்கு இருபது வயது இருக்கும். எழுபத்திரண்டு வயது மனிதர் பாவாடையோடு வருவதைப் பார்த்தான். பிறகு காலைப் பார்த்தான்.

"நில்லுங்கள். அது என்ன?"

"கத்தி" என்றார் அப்புக்காத்தர்.

"எதற்கு?"

"என்னிடம் ஒளித்த கத்தி இல்லை என்று காட்டுவதற்கு."

அவன் வானொலிக் கருவியை எடுத்தான். "சார்ஜன்ட், இங்கே ஒருவர், கத்தி வைத்திருக்கிறார். பாவாடை. இல்லை சார், ஆண்தான். இல்லை சார், நான் குடிக்கவில்லை."

சார்ஜன்ட் வந்து, ஸ்கொட்லாந்தின் வரலாற்றைக் கால்மணி நேரம் நின்று கேட்டுவிட்டு, மழை வரப்போகிறது, போங்கள் என்று அனுப்பினார். அப்புக்காத்தர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். யாரும் கேட்காமலே நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவ்வளவு நேரமும் நின்றிருந்தேன். ஊரில் பழகிய பழக்கம், ஆமி என்றால் என் கை தானாகவே மேலே போய்விடும்.

இவ்வளவு கட்டுப்பாட்டோடு வேலை செய்தவன் எப்படி அந்தக் குத்துவாளைப் பையில் போட்டு பஸ் ஏறினேன் என்று கேட்பீர்கள். பெருமைக்காகத்தான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

மறு வருடம் நவராத்திரியை எங்கள் ஆட்கள் பிரான்காச்சோவில் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்துச் செய்தார்கள். விஜயதசமி அன்று வாழைவெட்டு. வாழைமரத்தை மகிடாசுரனாகப் பாவித்து அம்மனின் பெயரால் குருக்கள் வெட்டவேண்டும். வாழைமரத்தைப் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு மாளிகைத் தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் கொண்டுவந்துவிட்டார். வாள் இல்லை. பொறுப்பாக இருந்த சபா அண்ணை, இறைச்சிக்கடையில் வேலைசெய்யும் ஒருவரிடம் கேட்கலாம் என்றார்.

"மாடு வெட்டுற கத்தியாலை அம்மனுக்கு வெட்டுறதோ? நான் தொடமாட்டன்" என்றார் குருக்கள். அவரும் கிழமை நாட்களில் உணவகமொன்றில் கோப்பை கழுவுபவர்தான், ஆனால் பரம்பரைக் குருக்கள்.

அப்போது நான், "என்னட்டை ஒரு வாள் இருக்கு" என்றேன். என்னட்டை என்றேன். "முந்நூறு வருசத்து வாள். அதிலை சத்தியம் பண்ணுவினமாம். ராசாக்களின்ரை காலத்துச் சாமான்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். படிக்கட்டுக் கழுவிய காலத்திலிருந்து யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அப்புக்காத்தரும் அந்த இரண்டு நாள் பகேரியாவில் தமக்கை வீட்டில் இருந்தார்.

குத்துவாள் குத்துவதற்கு என்று நானே பக்கம் பக்கமாக வாசித்துச் சொன்னவன். ஆனால் தமிழில் நான் அதற்குக் 'குத்துவாள்' என்று சொல்லவில்லை, 'வாள்' என்று சொல்லிவிட்டேன். குருக்கள் அதை வாள் என்றே நம்பி ஓங்கி வெட்டினார். முதல் வெட்டில் மரம் அசையவில்லை. இரண்டாவதில் அலகு மரத்துக்குள் பாதியில் நின்றது. அவர் முறுக்கி இழுத்தார். மூன்றாவது வெட்டில் மகிடாசுரன் சரிந்தான், பெண்கள் குரவையிட்டார்கள், மரத்தை நிறுத்தியிருந்த இரும்புச் சட்டத்தில் முனை பட்டு ஒரு நெல்மணி அளவுக்குத் தெறித்தது. குருக்கள் கவனிக்கவில்லை. நான் கண்டேன். திருநீறு வாங்கிய கையோடு நிலத்தில் தேடினேன். கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அலகு முழுக்க வாழைக்கயர், வாழைச்சாற்றின் பிசின்கறை. துணிக்கு மசியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி ஊரில் குத்துவிளக்குத் துலக்கும் வழி. றெஜினாவின் கூடையில் இருந்த எலுமிச்சம்பழங்களை வெட்டி, கணப்படுப்புச் சாம்பல் தொட்டுத் தேய்த்தேன். கயர் போனது. அதோடு சாம்பல்நிறமும் போனது. முந்நூறு வருடத்து வயதை அரைமணி நேரத்தில் துலக்கிவிட்டேன். அலகு புதுக் கரண்டி மாதிரி மின்னியது. உறைக்குள் போட்டு அலுமாரியைப் பூட்டினேன்.

ஆறு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. திங்கட்கிழமைகளில் துடைப்பவன் நான்தானே.

நவம்பர் கடைசி நாள் வந்தது. விருந்து இந்த முறை எங்கள் வீட்டில். மேஸ், பாவாடை, சப்பாத்து, இடைவார் எல்லாம் ஆயிற்று. குத்துவாளை வாரில் மாட்டுமுன் அப்புக்காத்தர் வழக்கம்போல அலகை ஒரு சாண் வெளியே இழுத்தார். வெளிச்சம் சுவரில் அடித்தது. முழுவதையும் இழுத்தார். முனையை விரலால் தொட்டார்.

"தயவுசெய்து நீங்கள்" என்றார் என்னிடம், "சிக்னோரா றெஜினாவையும் அழைத்து வாருங்கள்."

விருந்துக்கு வருபவர்கள் வர ஒரு மணி நேரம் இருந்தது. அவர் பாவாடையோடு கதிரையில் இருந்தார். குத்துவாள் மேசையில். மலைநாட்டார் வேதப் புத்தகத்தைவிட இரும்பைப் பெரிதாக மதித்தார்கள் என்றும், குத்துவாளின் முதல் வேலை சத்தியத்தைத் தாங்குவது, குத்துவது இரண்டாவது என்றும் சொன்னார். அவர்கள் தோற்றபிறகு வென்றவர்கள் அந்த இரும்பின்மேலேயே அவர்களிடம் சத்தியம் வாங்கினார்களாம். அந்தச் சொற்களைப் பாட்டனார் அவருக்குச் சிறுவயதில் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் சொல்வது பொய்யானால் என் மனைவியையும் பிள்ளைகளையும் நான் இனிமேல் காணாதிருப்பேனாக.

"இந்த வீட்டில் திறப்பு இரண்டு பேருக்கு எட்டும். கையை வைத்துச் சொல்லுங்கள். உங்கள் மொழியிலேயே சொல்லலாம். சொன்னால் நம்புவேன்."

நான் றெஜினாவுக்குத் தமிழில் விளங்கப்படுத்தினேன். அவள் மேசையிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றாள்.

"நான் செய்யேல்லை எண்டு சொல்லுறன். ஆனா அந்தச் சொல்லைச் சொல்லமாட்டன். பிள்ளையளைக் காணமாட்டன் எண்டு என்ரை வாயாலை வராது. விளையாட்டுக்கும் வராது."

"செய்யாட்டிப் பயமில்லைத்தானே, பிள்ளை" என்றேன் நான். இதை நான் சொன்னேன். முப்பது வருடமாக என் காதில் இருக்கிற வசனம் அதுதான்.

பிறகு நான் அலகின்மேல் கையை வைத்தேன். குளிர்ந்தது. "நான் இதை உடைக்கேல்லை. பொய்யெண்டால் என்ரை பெண்சாதி பிள்ளையளை நான் காணாமல் போவன்" என்று தெளிவாகத் தமிழில் சொன்னேன். உடைத்தவர் குருக்கள். எனக்குப் பெண்சாதியும் இல்லை, பிள்ளையும் இல்லை. கச்சேரியில் இருபத்தைந்து வருடம் பழகிய கை எழுதிய வசனம் அது. ஒரு சொல்லும் பொய் இல்லை.

அப்புக்காத்தர் என்னிடம், "நன்றி, நீ போகலாம்" என்றார். 'நீ' திரும்ப வந்துவிட்டது. றெஜினாவிடம், "சிக்னோரா, நீங்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது" என்றார்.

அவருடைய மேசையில் அப்போது ஒரு கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. றெஜினா இந்த வீட்டில் வேலை செய்கிறாள், பிள்ளைகள் வந்தால் தங்க இடமும் உண்டு என்று அவர் உறுதிசெய்யும் கடிதம். அடுத்த திங்கட்கிழமை குவெஸ்தூராவில், அதாவது வெளிநாட்டவர்களின் பத்திரங்களைப் பார்க்கும் பொலிஸ் அலுவலகத்தில், அவளுக்கு நேரம் குறித்திருந்தார்கள். கடிதம் இருந்தால் பிள்ளைகளை எடுப்பிக்கலாம். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். அதில் கையெழுத்து விழவில்லை. திங்கட்கிழமை வந்தது, போனது. நான் காலையில் குத்துவாளைத் துடைத்தேன்.

புதன்கிழமை றெஜினா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டாள்.

"வாங்கோ கிளாக்கர், புது ஆள் வருமட்டும் நீங்கள்தானே சமைக்கவேணும். இஞ்சை பாருங்கோ. மனுசன்ரை சூப்புக்கு உப்பு இல்லை, ஆனா உப்பில்லை எண்டு தெரியக்கூடாது. கடைசியிலை அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சால் தெரியாது. முதலே பிழிஞ்சால் கைக்கும்."

ஒவ்வொரு போத்தலாகக் காட்டினாள். எந்தக் கரட்டை எந்த அளவில் வெட்டுவது, வியாழக்கிழமை மீன்காரன் எந்த மீனைத் தலையில் கட்டப் பார்ப்பான் என்பதெல்லாம் சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். எலுமிச்சம்பழக் கூடையைக் கடைசியாக எடுத்தாள்.

"இதிலை எப்பவும் பத்துப் பழம் இருக்கவேணும். ஒருக்கா ஆறு குறைஞ்சது. விஜயதசமி அண்டைக்கு. அடுப்படியிலை சாம்பலும் கிடந்தது."

நான் கூடையில் இருந்த பழங்களை எண்ணினேன்.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன் பிறகு. எனக்கே விளங்காத சின்னக் குரலில்.

"தெரியும்."

"ஏன் அவரிட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். திங்கட்கிழமை மட்டும் பாத்தன்." கூடையை அதன் இடத்தில் வைத்தாள். "சரி, அரிசி கீழ்த்தட்டிலை."

நான் நேரே அப்புக்காத்தரின் அறைக்குப் போனேன். அவர் கடுதாசி வாசித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். நாற்பது வருடம் வழக்காடியவர், விசாரிக்கத் தொடங்கினார்.

"சத்தியத்தில் சரியாக என்ன சொன்னாய்?"

"நான் உடைக்கவில்லை என்று."

"உடைத்தது யார்?"

"குருக்கள்."

"எதற்காக?"

"ஓர் அசுரனைக் கொல்வதற்காக."

"கொன்றாரா?"

"மூன்றாவது வெட்டில்."

அவருடைய வாய் துடித்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, முதுகு குலுங்கச் சிரித்தார். நானும் தப்பிவிட்டேன் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். அவர் திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"மனைவி பிள்ளைகள் என்றும் சொன்னீர்கள். உங்களுக்குக் கிடையாது" என்றார். "இந்தமாதிரி வசனங்களை எழுதிக் கொடுத்துத்தான் நான் இந்த வீட்டை வாங்கினேன். மற்றப் பக்கத்தில் நிற்பவனுக்கு அது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

அவர் எழுந்து, கடிதத்தை எடுத்துக்கொண்டு, தாமே குசினிக்கு நடந்தார். அதுவரை அவர் குசினிக்குள் போய் நான் பார்த்ததில்லை. றெஜினாவின் மரக்கறிப் பலகைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தம்முடைய பாட்டனாரின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. திங்கட்கிழமைத் துடைப்பையும் நிறுத்தவில்லை. ஆனால் 'நீங்கள்' நின்றுவிட்டது. அதாவது, நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த மூன்று வருடமும், காலில் மேஸ் மாட்டிவிடும்போதுகூட, என்னை அவர் நீங்கள் என்றே கூப்பிட்டார். அந்த வீட்டுக்கு வந்த விருந்தினர்கள், வேலைக்காரனுக்கு எவ்வளவு மரியாதை என்று வியந்தார்கள்.

குவெஸ்தூராவில் தவறவிட்ட நேரத்துக்கு அடுத்த நேரம் மூன்று மாதம் தள்ளிக் கிடைத்தது. அதற்குள் ஊரிலிருந்து வந்த பத்திரம் ஒன்று காலாவதியாகி, அதைத் திரும்ப எடுக்க மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போரால் பாதை பூட்டியிருந்த நாட்கள் போய், எல்லாமாகப் பதினொரு மாதம் பிந்தியது. திங்கட்கிழமைக்கு முன் நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பதினொரு மாதமும் இல்லை.

பிள்ளைகள் வந்த நாளில் விமானநிலையத்துக்கு என்னையும் வரச் சொன்னாள் றெஜினா. பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றாள். அப்புக்காத்தர் தம்முடைய காரைக் கொடுத்தனுப்பினார். கதவு திறந்தது. பத்து வயது மகன் தாயை உடனே கண்டுபிடித்து ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். மகளுக்கு ஐந்து வயது. ஒரு சிவப்புச் சட்டை, கையில் பிஸ்கட் பெட்டி. அவள் வரவில்லை. தமையன் இழுத்துக்கொண்டு வந்து முன்னால் விட்டான்.

அவள் றெஜினாவை அண்ணாந்து பார்த்து, நல்ல பிள்ளையாக, "வணக்கம் அன்ரி" என்றாள்.

றெஜினா சிரித்தாள். குனிந்து, "வணக்கம் பிள்ளை, நல்லாச் சாப்பிட்டியளோ பிளேனிலை?" என்று, ஒரு அன்ரி கேட்பதுபோலவே கேட்டாள். பிள்ளை ஓம் என்று தலையாட்டி, ஒரு பிஸ்கட்டை நீட்டியது. அவள் வாங்கிச் சாப்பிட்டாள்.

பதினொரு மாதம் முன்னால் வந்திருந்தால் பிள்ளைக்குத் தாயைத் தெரிந்திருக்குமா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைச் சொல்லித் தப்ப எனக்கு வழி இருந்தது. இலிகிதரின் மூளை அந்த வசனத்தைத் தயாரித்தும் விட்டது. நான் அதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் இரண்டும் கண்ணாடிக்கு அப்பால் விமானத்தைப் பார்க்கப் போனபோது அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"றெஜினா, இதுக்குக் காரணம் நான்தான்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வாயோரத்தில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் துடைத்தாள்.

"ஓம்" என்றாள். "நீங்கள்தான். பெட்டியைத் தூக்குங்கோ."

தூக்கினேன். நல்ல பாரம்.